கிராம் கணக்கர்

ஈஸ்டர் வந்தால் நார்வேயில் பாதிப் பேர் மலையில்தான் இருப்பார்கள். அவர்களில் லிஃப்ட் பக்கமே போகாத கூட்டம் ஒன்று உண்டு. ஸ்கீயின் அடியில் ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஏறி, உச்சியில் அதை உரித்தெடுத்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு கிராம் கணக்கர் இருப்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கையில் கார்பன் கம்பு. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக அறுத்திருப்பார். சுமையை இவ்வளவு குறைத்தவர் சாப்பாட்டை மட்டும் சுமப்பாரா? அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்.

சாப்பாட்டு ஞானத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. முந்தின இரவே வகுப்பு எடுத்துவிடுவார். "மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஆகையால் முந்திரி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மணிக்கு 500 கலோரி சர்வசாதாரணமாகக் கரையும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம்." அத்தனையும் உண்மை. கேட்டவர்கள் இன்னொரு பிடி முந்திரியைப் பையில் போடுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஸ்பீட்டர்ஸ்டூலன் விடுதியிலிருந்து நாட்டின் உயர்ந்த சிகரமான கால்ஹேப்பிக்கனுக்கு (2,469 மீட்டர்) 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் மணி நேரம் அவர்தான் முன்னால். "எனக்குப் பசியே எடுப்பதில்லை" என்பார். இரண்டாம் மணியில் பேச்சு குறையும். மூன்றாம் மணியில் கடைசி ஆளாக வந்துகொண்டிருப்பார். அப்போது யாராவது பை ஜிப்பைத் திறக்கட்டும், அடுத்த நொடி பக்கத்தில் நிற்பார்.

பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி தாளிலிருந்து வெளியே வரும். ருசி பார்க்க ஒரு விள்ளல், ருசியை உறுதிப்படுத்த இன்னொன்று. ஈஸ்டர் மலைக்கு ஆரஞ்சு கொண்டுபோவது அங்கே வழக்கம். உரிக்கிற வேலைக்கு மட்டும் அவர் வரமாட்டார். கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடுமாம். உரித்த சுளைக்குக் கையுறையோடு கை நீளும்.

அடுத்தது குவிக் லுன்ஷ். 1937 முதல் விற்கிற வேஃபர் சாக்லேட், நாலு விரலாக உடையும். மலையில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை உறையின் உட்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டு விரலை வாயில் போட்டுக்கொண்டே ஐந்தாம் விதியை உரக்கப் படிப்பார்: உனக்கும் பிறருக்கும் உதவத் தேவையானதை எடுத்துச் செல். "பிறருக்கும்! பார்த்தாயா?" என்று சாக்லேட் கொண்டுவந்தவரின் முதுகில் தட்டுவார்.

அவர் பையிலும் ஒரு எனர்ஜி பார் உண்டு, அவசரத்துக்கு. வெளிப்பையில் கிடந்து உறைந்து போயிருக்கும். கடித்தால் பல் போய்விடும். சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும் என்று நமக்குச் சொன்னவரே அவர்தான். உறையில் எழுத்தெல்லாம் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் பல ஈஸ்டர்களைக் கண்ட பார் என்று தெரியும்.

ஆகவே, இப்படி ஒருவரோடு கிளம்புகிறவர்கள் ஒன்றரை ஆள் சாப்பாடாகக் கட்டிக்கொள்ளுங்கள். கழற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விடுதிவரை போகிற கார் அவருடையது.