ரீசெட் மாமா

"நெட்டு வரல" என்பதற்கு மேல் நோயாளி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நேற்று ராத்திரியிலிருந்தா, இப்போதுதானா, ஒரு போனிலா, எல்லாப் போனிலுமா, வாசலுக்குப் போனால் வருகிறதா என்றெல்லாம் மாமா கேட்பதில்லை. கேட்டால் நோய் என்னவென்று தெரிந்துவிடும். தெரிந்தால் வைத்தியத்தை மாற்ற வேண்டிவரும். அவர் கைவசம் இருப்பது ஒரே வைத்தியம். அதனால் வலது கையை நீட்டி "இங்க குடு" என்கிறார். இடது கை ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டது.

குடியிருப்புக்கு ஒருவர் என்ற கணக்கில் தமிழ்நாடு முழுக்க இவர் இருக்கிறார். மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் பிளாக்குக்கு ஒருவர்கூடக் கிடைப்பார். உறவுக்காரர்களுக்கு மாமா அல்லது சித்தப்பா, வாட்ச்மேனுக்கு சார், மூன்றாம் மாடிப் பிள்ளைகளுக்கு அங்கிள், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் ரீசெட் மாமா. டெலிபோன் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று நினைப்பீர்கள். இல்லை; கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு. போன் கைக்கு வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளங்கையில் எடை பார்த்து, "எவ்வளவுக்கு வாங்கினே?" என்று கேட்பது அந்தப் பழக்கத்தில் வருவது. என்ன விலை சொன்னாலும் "ஏமாத்திட்டான்" என்பார்.

இந்தத் தொழிலில் அவர் காலெடுத்து வைத்தது மொட்டைமாடியில். தூத்துக்குடிப் பக்கம் 1980-களில் டி.வி. வைத்திருந்தவர்களுக்கு ரூபவாஹினிதான் கதி. இலங்கையில் 1982-ல் தொடங்கிய அந்தச் சேனல் கடலைத் தாண்டி நம் கரை வீடுகளுக்குள் வந்தது. வருகிற நாளில் பளிச்சென்று வரும், வராத நாளில் பவுலர் மட்டும் ஓடிவருவார், பந்து புள்ளிகளுக்குள் தொலைந்துபோகும். அப்போது மீசை முளைக்காத மாமா மாடியில் ஆன்டெனாக் குழாயைக் கட்டிக்கொண்டு "தெரியுதா?" என்று கத்துவார். படிக்கட்டில் நிற்கும் தம்பி அதை வாங்கிக் கூடத்துக்குக் கடத்துவான். "இப்ப தெரியுது... போச்சு... அப்படியே பிடிச்சுக்கோ!" பிடித்துக்கொண்டே பல மேட்சுகளைப் பார்க்காமல் விட்டவர் அவர். ஆனால் அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டார்: கூடத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறவன் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை, மாடியில் நிற்கிறவன் பெயரைத்தான் தெருவே கூப்பிடுகிறது.

பிறகு நோக்கியா காலம். பின்மூடியைக் கழற்று, பேட்டரியை எடு, ஊது, சிம்மின் பொன்னிற முகத்தை வேட்டி நுனியால் துடை, திரும்பப் போடு. பத்துக்கு ஆறு போன் பிழைத்தது. கம்பெனிக்காரர்கள் பின்மூடியை ஒட்டி மூடி, பேட்டரியைக் கைக்கு எட்டாமல் செய்தபோது மாமாவின் தொழிலுக்கே மூடுவிழா வந்துவிட்டதோ என்று தோன்றியது. காப்பாற்றியது 2016. அந்த செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை இலவசமாக அள்ளி இறைத்தபின், பூஜை அறை வரைக்கும் ஸ்மார்ட்போன் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு நோயாளி இருந்த இடத்தில் தலைக்கு ஒரு நோயாளி. மருந்தும் போனுக்குள்ளேயே இருந்தது, ஏழெட்டுத் தட்டு தட்டினால் கிடைக்கும் ஆழத்தில்.

அந்த ஆழம் அவருக்கு மனப்பாடம். சாம்சங்கா, ஜெனரல் மேனேஜ்மென்ட்டுக்குள் ரீசெட். வேறு ஆண்ட்ராய்டா, பெரும்பாலும் சிஸ்டம். ஐபோனா, ஜெனரலுக்குள் போய் அடி வரைக்கும் தள்ளினால் டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட். மெனு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் விரல் வழி தவறாது. அதற்கு முன் ஒப்புக்கு ஃப்ளைட் மோடைப் போட்டு, கண்ணை மூடிப் பத்து எண்ணி, எடுப்பார். உண்மையில் பாதிப் பேருக்கு அதுவே போதும். டவரோடு பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு போன் மறுபடி புதிதாகப் பதிந்துகொள்ளும். ஆனால் பத்து எண்ணுவதைப் பார்த்து யாரும் காபி கொடுப்பதில்லை.

கடைசித் தட்டுக்கு முன் போன் ஒரு கேள்வி கேட்கும். மாமா அங்கே நிறுத்துவார். வீட்டுக்கார அம்மாவின் முகம் வெளிறும். "போட்டோ எல்லாம் போயிடுமா?" பதில் அவருக்குத் தெரியும். போட்டோ போகாது, நம்பர் போகாது, வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் ஒன்றுகூடப் போகாது. உடனே சொல்லிவிட்டால் என்ன சுவாரசியம்? உதட்டைப் பிதுக்கி, "பார்ப்போம்" என்றுவிட்டுத் தட்டுவார். 

போவது வேறு. சேமித்து வைத்த வைஃபை பெயர்கள், அவற்றின் பாஸ்வேர்டுகள், காரோடும் காதுக்கருவியோடும் போட்டிருந்த ப்ளூடூத் உறவு எல்லாம் ஒரே தட்டில் துடைத்துப் போகும். ஐபோன் என்றால் வி.பி.என். அமைப்பும் சேர்ந்து போகும். மருமகன் ஆபீஸ் வேலைக்கு அதைத்தான் நம்பியிருந்தார் என்பது திங்கட்கிழமை காலையில் தெரியவரும்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வைத்தியம் பலிக்கத்தான் செய்கிறது. போன் எதையும் லேசில் மறப்பதில்லை என்பதுதான் அதன் வியாதி. மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், போன் பழைய சாவியையே போட்டு முட்டிக்கொண்டிருக்கும். சிம்மை இன்னொரு கம்பெனிக்கு மாற்றியிருப்பார்கள், ஏ.பி.என். என்கிற வாசல் பெயர் பழையதாகவே நிற்கும். என்றைக்கோ எவனோ கையால் அடித்துக்கொடுத்த ஐ.பி. எண் உள்ளே உட்கார்ந்து பக்கத்துப் போனோடு சண்டை போடும். எது கெட்டது என்று தேடாமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால், கெட்டதும் சேர்ந்து போய்விடும்தானே. ஏ.பி.என். விஷயத்தில் மாமாவைக் குறை சொல்லவே முடியாது. ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், ஜியோநெட், பிஎஸ்என்எல்நெட் என்று சகஸ்ரநாமம் மாதிரி ஒப்பிப்பார்.

தட்டி முடித்ததும் போன் வைஃபை பாஸ்வேர்டு கேட்கும். உண்மையான கூத்து இங்கேதான் ஆரம்பம். "பாஸ்வேர்டு என்ன?" என்று மாமா கேட்க, வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை யாரோ ஈரத்துணியால் துடைத்ததில் எழுத்து கரைந்திருக்கும். ஏதாவது ஒரு போனில் இணைப்பு மிச்சமிருந்தால் அதிலிருந்து கியூ.ஆர். கட்டம் எடுத்துக் காட்டி மற்றவற்றைச் சேர்த்துவிடலாம். ஆனால் மாமா ஒன்றையும் மிச்சம் வைப்பவர் அல்லர். "எல்லாத்தையும் கொண்டு வாங்க, ஒரே வேலையா முடிச்சிடுவோம்" என்று தாத்தாவின் போன் வரைக்கும் துடைத்திருப்பார்.

பாஸ்வேர்டு போட்ட பையன் அமெரிக்காவில் இருப்பான். அங்கே நடுராத்திரி. அவனுக்கு சாதாரண கால் போடவேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப் கால் போட நெட் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அவன் முதலில் "அம்மாகிட்ட மட்டும் குடு" என்பான். மாமா ஸ்பீக்கரில் போட்டிருப்பார். ஒவ்வொரு எழுத்தாக வாங்கி, கூடம் முழுக்கக் கேட்க உரக்கத் திருப்பிச் சொல்லுவார். முதலில் ஒரு பெண்ணின் பெயர். அப்புறம் அட். அப்புறம் 143. அந்தப் பெயரில் இந்த வீட்டில் யாரும் இல்லை, சொந்தத்திலும் யாரும் இல்லை. நெட் வந்துவிடும். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நெட் பார்க்க மாட்டார்கள்.

கோளாறு போனில் இல்லாதபோது மாமா இன்னும் பெரிய ஆளாகத் தெரிவார். பாட்டி தினசரி ஒன்றரை ஜி.பி.யை சீரியலில் காலை பதினொரு மணிக்கே முடித்திருப்பாள். வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மாமா ரீசெட் செய்வார். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் புதுக் கணக்கில் டேட்டா வந்துவிடும், அதையும் தன் வரவில் எழுதிக்கொள்வார். மத்தியானம் சாம்பார் சூடு பண்ணும்போதெல்லாம் வீடியோ கால் திக்குகிறது என்று ஒரு வீட்டில் புகார். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய ரக வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் குடியிருப்பவை. அடுப்பு கத்தினால் மற்றவன் பேச்சு எடுபடாது. மாமா அங்கே தினமும் ஒருவேளை என்ற கணக்கில் ரீசெட் கொடுத்துவருகிறார், சாப்பாட்டுக்கு முன். வைஃபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருந்தால் "உங்க வீட்டுக்கு 5ஜி வந்துடுச்சு, குடுத்துவெச்சவங்க" என்பார். அது செல்போன் டவரின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். ரெண்டு சுவரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும் சாதி. இதை அவரிடம் சொல்லும் தைரியம் குடியிருப்பில் எவருக்கும் இல்லை.

மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டிய வாரத்தில் ஒருநாள் பிளாக் முழுக்க நெட் போனது. மாமாவுக்கு அது தேர்த்திருவிழா. காலை டிபன் முடிந்ததிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கினார். கையில் சேஃப்டி பின், பின்னால் இரண்டு சிறுவர்கள். மத்தியானத்துக்குள் அந்த பிளாக்கில் பாஸ்வேர்டு ஞாபகம் வைத்திருக்கும் போனே கிடையாது என்கிற நிலை. அப்போது ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்புக் குழந்தை கேட்டது: "அங்கிள், இந்த டப்பால ஏன் சிவப்பு லைட்டு மினுக்குது?"

எல்.ஓ.எஸ். என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஃபைபர் வழியாக வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். தெருமுனையில் பொக்லைன் கேபிளைக் கவ்வியெடுத்துவிட்டது. அதற்கு போனை ரீசெட் செய்தாலும் ஒன்றுதான், ரீசெட் செய்யாமல் பூசணிக்காய் உடைத்தாலும் ஒன்றுதான். மாமா அந்த விளக்கைச் சற்று நேரம் பார்த்தார். "அது பவர் லைட்டும்மா" என்றார். சாயங்காலம் கேபிளை ஒட்டி லைன் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்தி: "காலையில் செய்தது இப்போதுதான் ஏறியிருக்கிறது. அனைவரும் செக் செய்துகொள்ளவும்." பதினான்கு கைகூப்பு வந்தது.

உலகத்தில் அவருக்கு ஒரே எதிரி, லைனைச் சரிபார்க்க வரும் கம்பெனித் தம்பி. பகை மோடத்தின் முதுகில் இருக்கும் ஊசித்துளையில் பிறந்தது. அந்தத் துளையில் பின்னை விட்டுச் சற்று நேரம் அழுத்தினால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல, கம்பெனிக்காரர்கள் உள்ளே போட்டுவைத்த யூசர் ஐ.டி.யும் போய்விடும் மோடங்கள் உண்டு. அப்புறம் ஆள் வந்தால்தான் உயிர் வரும். தம்பி பைக்கை நிறுத்திவிட்டு வந்து மோடத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி: "யாரு சார் இதை அமுக்கினது?" மாமா அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஏன் ஆடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பார். தம்பி போனபின், "இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வந்த உடனே லேப்டாப்பைத் திறக்கிறான்" என்பார்.

ஊரார் போனில் ஒன்றை விடாமல் மறக்கடிக்கும் மனிதர், தான் எதையும் மறந்தவர் இல்லை. 1998-ல் சகலை வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்துபோய் இவர் இலைக்கு வராதது இன்றைக்கும் பச்சையாக இருக்கிறது. அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளைக்கே நினைவில்லாத விவரங்கள் இவரிடம் உண்டு: பரிமாறியவன் போட்டிருந்த சட்டை நிறம், வாளியை எந்தப் பக்கம் திருப்பினான் என்பது உட்பட. ராமேஸ்வரம் டூருக்குத் தன்னைக் கூப்பிடாத நால்வரின் போன்களை இன்றுவரை கடைசியாகத்தான் பார்ப்பார். மாமி சொல்வதுண்டு: "இந்த மனுஷருக்கு முதுகுல ஒரு துளை இருந்தா நானே பின்னை விட்டிருப்பேன்."

சொந்தப் போனிலும் அப்படித்தான். வைத்தியம் முடிந்ததும் "சரியாயிடுச்சான்னு செக் பண்ணணுமே" என்று அந்த வீட்டு பாஸ்வேர்டைத் தன் போனிலும் ஒருமுறை அடிப்பார். அப்படிச் சேர்ந்தது ஒரு பாஸ்வேர்டு பட்டியல். நான்கு பிளாக், பிள்ளையார் கோவில் ஆபீஸ், பல் டாக்டர் கிளினிக், இரண்டு கல்யாண மண்டபம், சம்பந்தி வீடு. லிப்டில் மேலே போகும்போது மாடிக்கு மாடி அவர் போன் தானாகக் கை மாறிக்கொண்டே போகும். மாதாமாதம் அவர் போடும் ரீசார்ஜ் இருப்பதிலேயே சின்னது.

மே மாத லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். தாத்தாவின் போனில் இரண்டு நாளாக வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் பாத்ரூமில் இருந்த நேரம் பார்த்து அவள் போனை எடுத்து, சிஸ்டத்துக்குள் போய், ரீசெட்டுக்குள் போய், கடைசிக் கேள்வி வரைக்கும் வந்துவிட்டாள். நல்ல பிள்ளை, கேட்டுவிட்டுச் செய்வோம் என்று குரல் கொடுத்தாள்: "தாத்தா, நெட்வொர்க் ரீசெட் பண்ணிடட்டுமா?"

தலையில் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து போனைப் பிடுங்கினார் மாமா.

"எதுக்கும்மா அவசரப்படறே? முதல்ல அந்த மோடத்துல சிவப்பு லைட்டு எரியுதான்னு போய்ப் பாரு."