துடைப்பத்துக்கு ஏழாயிரம் பேர்

2019 நவம்பர் கடைசியில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு நேர்காணல் வைத்தது. ஆரம்பச் சம்பளம் 15,700 ரூபாய். மனுப் போட்டிருந்த ஏழாயிரம் பேரில் பி.இ., பட்டப்படிப்பு, டிப்ளமா முடித்தவர்களும் இருந்தார்கள். "இஞ்சினியர் கையில துடப்பமுங்க!" என்று டீக்கடைகளில் ஒரே சிரிப்பு.

சிரித்தவர்களைவிடப் பையன்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். தனியார் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் மாதம் ஆறு, ஏழாயிரம். காட்டை விற்றுக் கட்டிய நாலு வருஷ ஃபீஸுக்கு அவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் அந்தக் கழித்தல் கணக்குதான்.

படித்தவன் கையில் துடைப்பமா என்று பதறிய ஊர், தலைமுறை தலைமுறையாக அருந்ததியர் கையிலேயே அது இருந்ததற்கு ஒருநாளும் பதறியதில்லை. அது இயற்கை நியதி போலும், நொய்யல் கிழக்கே போவதைப்போல. வேலை கிடைத்ததும் வேறு சாதிக்காரர் சிலருக்குத் துடைப்பம் கனத்துப்போய் அலுவலக மேசை கிடைத்துவிட்டது என்று புகாரும் எழுந்தது. சாக்கடைக்குத்தான் பழைய ஆட்கள் இருக்கிறார்களே!

பழைய ஆட்களிலும் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி 721 ரூபாயைக் கொடுங்கள் என்று 2022 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு தானே எழுதிய தொகையைக் கேட்க ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. அதே அக்டோபரில் அரசாணை 152 வந்தது: மாநகராட்சிகளில் துப்புரவு உள்ளிட்ட வேலைகளை அவுட்சோர்சிங்கில் விடலாம். சமூகநீதிக்கும் டெண்டர் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் வேலைவாய்ப்பு பிரகாசம்தான். கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், அடுக்குமாடிக்கு அடுக்குமாடி 'ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் தேவை'. ஏஜென்சி பில்லில் அரசுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஏஜென்சிக்குக் கமிஷன். மிச்சம்மீதி பெருக்குகிற அம்மாவுக்கு. முதுகில் கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை கொடுப்பார்கள். உட்கார நாற்காலி கிடையாது. சோறு, மோட்டார் ரூமில் தண்ணீர்க் குழாய்க்கும் ஃபினாயில் கேனுக்கும் நடுவில். ஏழாவது மாடிக்கு வாளியோடு ஏறுகிறவள் லிஃப்ட்டைத் தொடக்கூடாது. குடியிருப்போரின் நாய் அதில் தாராளமாகப் போகும்.

இப்படியொரு அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவில் மாதம் ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கேட்ட மனு இரண்டு மணி நேரம் அலசப்பட்டது. பட்ஜெட் இடிக்கிறதாம். நீச்சல்குளத்துக்குப் புது ஓடு பதிக்கும் தீர்மானமோ டீ ஆறுவதற்குள் நிறைவேறியது. கடைசியில் பொருளாளர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்:

"குடுக்கறதுக்கு நமக்கு மனசில்லாம இல்லைங்க. வருசா வருசம் ஏத்திக் குடுத்தா பழகிக்குவாங்கல்லங்க."