மைக் அண்ணன்

மைக் அண்ணனுக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வராது. ‘ரோஜர்’ என்பார். ‘இரு, வர்றேன்’ என்பதற்கு ‘ஸ்டாண்ட் பை’. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அண்ணி கேட்டால் ‘நோட்டட்’. சரியா இல்லையா என்பது அண்ணிக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது.

போலீஸ்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்க்காவல் படையில்கூட இருந்ததில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். தறிமேடைக்குப் பக்கத்து மாடத்தில் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் ரேடியோ இருக்கும். பிள்ளையார் ஆணியில் தொங்குவார்.

கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மொத்தம் மூன்று நாடா. எதிர்க்கரைக்கு நாடா போட்டுத்தர இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இடத்தில் இருந்த அக்கா மகன் “போட்டாச்சு மாமா” என்றால் அண்ணன் கை அப்படியே நிற்கும். “ஓவர் சொல்லு” என்பார். சொன்னால்தான் அடுத்த இழை. அந்தப் பையன் இப்போது கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறான். தறியில் கூலி கட்டவில்லை, அதனால்தான் போனான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ எல்லாமே ஓவராகப் போனதுதான் காரணம் என்று படுகிறது.

மாடத்து ரேடியோ தொண்ணூறுகளில் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. நம் வீட்டு ரேடியோக்கள் எஃப்.எம்.மில் 108 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அது 108-இல் தொடங்கி 174 வரை போகும். விமானம் பேசும், வானிலை பேசும், நடுவில் ஓர் இடத்தில் நம்ம ஊர் போலீஸ் தன் ‘மைக்’கில், அதாவது வயர்லெஸ்ஸில், பேசும். பழைய அனலாக் வயர்லெஸ்ஸில் ஒளிவுமறைவு கிடையாது. பேசுகிறவர் குரலை அப்படியே அலையில் ஏற்றி நாலு திசைக்கும் அனுப்பிவிடும். அந்த அலைவரிசையில் முள்ளை வைத்த யாருக்கும் கேட்கும். பேசுகிற ஏட்டுக்கு இருமல் என்றால் இருமலும் கேட்கும்.

அந்த ரேடியோ வந்த பிறகு இந்த ஊரில் யாரும் நிம்மதியாக டீ குடித்ததில்லை. காலை ஆறு மணிக்கு நாம் கடைக்குப் போனால் நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். “நேத்து ராத்திரி ஒன்னே முக்காலுக்கு மூங்கில் மண்டபம் சிக்னல்ல என்ன நடந்தது தெரியுமாப்பா?” தெரியாது. ஒன்றே முக்காலுக்கு மனிதன் தூங்குவான். “லாரி. டிவைடர். நம்பர் பிளேட் ஆந்திரா.” அடுத்து ஒரு நீண்ட இடைவெளி விடுவார். நாமாக “அடடா, அப்புறம்?” என்று கேட்டாக வேண்டும். கேட்டால், “அட்டெண்ட் பண்ணிட்டாங்க” என்பார். அவ்வளவுதான் செய்தி. லாரிக்கு என்ன ஆயிற்று, டிரைவர் பிழைத்தாரா என்பதெல்லாம் மைக்கில் வராது, ஆகவே அண்ணனுக்கும் வராது. முப்பது வருடமாக இந்த ஊரின் எல்லா விபத்துகளிலும் முதல் பாதி மட்டும் அறிந்த ஒரே மனிதர் அவர்தான்.

இது சட்டப்படி தப்பு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உள்ளே போய் அவருடைய அப்பா காலத்து ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துவந்தார். தபால் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டி முத்திரை குத்தி வாங்கிய புத்தகம். வால்வு ரேடியோவில் விவித் பாரதி கேட்பதற்கான அந்த லைசென்ஸை அரசாங்கம் எண்பதுகளிலேயே ஒழித்தாகிவிட்டது. “ஒழிச்சது அவங்க இஷ்டம். நாங்க ஒப்படைக்கல” என்றார். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறர் தகவலை அனுமதியின்றி இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதையும் படித்துக் காட்டினேன். சிறையைக் கண்டுகொள்ளவில்லை. “ரெண்டு கோடியா? சேலைக்கு என்ன கூலி குடுக்கறாங்கன்னு தெரிஞ்சுதான் எழுதுனாங்களா?” என்று கேட்டார்.

அவருடைய பொற்காலம் 2019. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் கொடுத்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். நாடே திரண்டு வந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெருவைக் கடக்கவே பாஸ் தேவைப்பட்டது. மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் போலீஸ் வந்து குவிந்தது. அத்தனை பேர் கையிலும் மைக். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனவர், பதினேழாம் தேதி இரவுதான் கண் சிவந்து இறங்கிவந்தார். எந்தக் கோபுர வாசலில் எவ்வளவு கூட்டம், வி.ஐ.பி. வரிசை எதுவரை நிற்கிறது, யாருடைய தாத்தா எங்கே தொலைந்து எங்கே கிடைத்தார், எல்லாம் தலைகீழ்ப் பாடம். தரிசனத்துக்கு மட்டும் போகவில்லை. “எதுக்குப்பா, அதான் முழுக்கக் கேட்டேனே” என்றார். அடுத்தது 2059. அதை நினைத்துக்கொண்டால் இப்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். வயது காரணமில்லை. 2059-இல் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்கிற கவலை.

ஏனென்றால் ஒருநாள் முள்ளை வழக்கமான இடத்தில் வைத்தவர் காதில் ஏட்டு வரவில்லை. ‘டர்ர்ர்ர்’ என்றது.

ரேடியோ கெட்டுவிட்டது என்று இரண்டு மெக்கானிக்குகளுக்குத் தண்டம் அழுதார். மாப்பிள்ளைதான் விளக்கம் சொன்னான். டிஜிட்டல் செட்டில் குரல் குரலாகப் போகாது. எண்களாக நசுக்கி, ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறாற்போல் 30 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்பிவிடும். பழைய ரேடியோவுக்கு அந்தத் துண்டுகள் விட்டுவிட்டு அடிக்கும் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். போதாததற்கு ரகசியச் சாவி போட்டுப் பூட்டிவிட்டால் அந்தச் சாவி இல்லாமல் பிரிப்பது லேசில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னது ஒன்றுதான்: “விசைத்தறி ஓடற மாதிரி இருக்குது.” பட்டு நெய்கிறவன் வாயில் இதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது.

உலகத்துக்கே வந்த துக்கம்தான். தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கே டெட்ரா என்ற டிஜிட்டல் வயர்லெஸ் வந்துவிட்டது. நியூயார்க் போலீஸ் 2023-இல் தன் அலைவரிசைகளைப் பூட்டத் தொடங்கியபோது அங்கே பத்திரிகைக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அந்தச் செய்தியை அண்ணன் எனக்கு அனுப்பிவைத்தார், கூடவே இரண்டு கும்பிடு. நம் மாநிலத்தில் போலீஸுக்கு வாக்கி டாக்கி வாங்கிய விவகாரம் சில வருடங்களுக்கு முன் பேப்பரில் அடிபட்டபோது எல்லாரும் எத்தனை கோடி என்று கேட்டார்கள். எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

சரி, இத்தோடு விட்டது என்று டீக்கடையே பெருமூச்சு விட்டது. அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டோம். அண்ணன் டர்ரைக் கேட்க ஆரம்பித்தார்.

நீளமான டர்ர்ர் என்றால் கன்ட்ரோல் ரூம். அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். உடனே குட்டியாக ஒரு டர் வந்தால் ஏட்டு ‘ரிசீவ்ட்’ சொல்கிறார். குட்டி டர் வரக் கொஞ்சம் தாமதமானால் ஏட்டு சாப்பிடுகிறார். ஒரு நீள டர்ருக்குப் பின்னால் வரிசையாக எட்டுப் பத்து குட்டி டர் வந்தால் பெரிய அதிகாரி லைனுக்கு வந்திருக்கிறார், ஒவ்வொரு ஸ்டேஷனாக ஆஜர் சொல்கிறது. நீள டர்ருக்கு நீள டர்ரே பதிலாக வந்தால் இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்குள் எல்லைத் தகராறு. டர்ரே இல்லாவிட்டால்? “அதுதாம்பா பயமா இருக்குது. ஏதோ சீக்ரெட் ஆபரேஷன்.”

பழைய கூலி நோட்டில் கோடு போட்டு நேரம், நீளம், எண்ணிக்கை என்று எழுதிவைக்கிறார். அமாவாசைக்கு டர் குறைவு, முகூர்த்த நாளில் அதிகம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முகூர்த்த நாளில் ஊரில் எல்லாமே அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். “நோட்டட்” என்றார்.

வைகாசி கருட சேவைக்கு விடியற்காலை பெருமாள் கோபுர வாசலுக்கு வருவதற்கு முன்பே அண்ணன் தெருமுனைக்கு வந்துவிட்டார். “மூணு மணியிலேர்ந்து டர்ரு தாங்கலப்பா. ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து பேசறான். வடகலை தென்கலை ஆரம்பிச்சிட்டாங்க, நான் எழுதித் தர்றேன்.” இந்த ஊரில் அந்தச் சண்டையை ஆருடம் சொல்ல மைக் தேவையில்லை. பிரபந்தத்தை யார் முதலில் எடுப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு படி ஏறிய விவகாரம். ஆகவே நாங்களும் நம்பினோம். இரண்டு பேர் வீட்டுப் பெண்களை வெளியே போக வேண்டாம் என்று தடுத்தும் விட்டார்கள். பத்து மணிக்குப் பந்தோபஸ்து முடிந்து வந்த ஊர்க்காவல் படைப் பையனைப் பிடித்து விசாரித்தோம். “டிபன் பொட்டலம் எந்த மண்டபத்துல குடுக்கறாங்கன்னு எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருந்தோம்ணே” என்றான். கருட சேவையைத் தவறவிட்ட அந்த வீட்டுப் பெண்கள் அண்ணனைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

108 ஆம்புலன்ஸ்மீது அண்ணனுக்குத் தனிக் கோபம். தமிழ்நாட்டில் அந்தச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15, இந்த ஊர்க்காரரான அண்ணாவின் பிறந்தநாள். “அண்ணா பேரைச் சொல்லி ஆரம்பிச்சாங்க. ஒரு மைக் வச்சாங்களா? எல்லாம் செல்போன்லயே பேசி முடிச்சுக்கறான்” என்பார். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வருகிறதா என்பது அவர் பிரச்சினையே அல்ல.

இதுவரை சிரித்தாகிவிட்டது. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அனலாக் காலத்தில் ஒரு ராத்திரி, எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி புருஷன் அடி தாங்காமல் 100-க்குப் போன் செய்தாள். கன்ட்ரோல் ரூம் ரோந்து வண்டிக்குக் கதவு எண்ணோடு முகவரி சொன்னது. சொல்லித்தானே ஆக வேண்டும். காலையில் அவள் தண்ணீர் பிடிக்க வருவதற்குள் தெருக் குழாயடிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதன் பிறகு இரண்டு முறை அவள் வீட்டில் சத்தம் கேட்டது. அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. இதை அண்ணனிடம் நேரிடையாகவே கேட்டேன். “நான் பேர் சொல்லலியேப்பா, டோர் நம்பர்தான் சொன்னேன்” என்றார். அன்றைக்கு அவரோடு டீ குடிக்காமல் எழுந்து வந்தேன். போலீஸ் பேச்சு பூட்டுப் போட்டுக்கொண்டதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

போலீஸ் பேச்சை முறையாகக் கேட்டவர்களும் உண்டு. வீஜி என்ற நியூயார்க் போட்டோகிராபர் 1938-இல் முறையாக அனுமதி வாங்கிக் காரில் போலீஸ் ரேடியோ வைத்திருந்தார். கேட்டதும் ஓடுவார், படம் எடுப்பார். அண்ணன் கேட்டதும் இன்னொரு டீ சொல்வார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஹாம் ரேடியோக்காரர்கள் பரீட்சை எழுதி, லைசென்ஸும் அழைப்புக் குறியீடும் வாங்கி, அவர்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் பேசுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று போர்ட் பிளேரில் அப்படி ஒரு ஹாம் குழுவோடு முகாமிட்டிருந்தவர் பாரதி பிரசாத். தொலைபேசி செத்துக் கிடந்த அந்தமானிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதியை அந்தக் குழுதான் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும், பாரதி பிரசாத் அங்கே பயன்படுத்திய அழைப்புக் குறியீடு வி.யு.4.ஆர்.பி.ஐ. என்பது உட்பட. நீங்களும் அந்தப் பரீட்சையை எழுதினால் என்ன என்று கேட்டால், “அதுல நாம பேசணும்ல” என்கிறார். பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் பேச வேண்டும், இவர் கேட்க வேண்டும்.

முழுக்க அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. 2015 மழையில் கரன்ட் போய், செல் டவர் போய், தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த நாட்களில், அண்ணன் நாலு பேட்டரியோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எந்தத் தரைப்பாலம் முழுகிவிட்டது, எந்தப் பக்கமாகப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிய பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். அந்த ஒரு வாரமும் அவரிடம் ‘ரோஜர்’ வரவில்லை, ‘ஸ்டாண்ட் பை’ வரவில்லை. ‘பார்த்துப் போப்பா’ என்று சாதாரண மனிதரைப் போலப் பேசினார். மழை விட்டதும் பழையபடி ஆகிவிட்டார்.

சென்ற மாதம் முகத்தில் களை திரும்பியிருந்தது. முள்ளைத் திருகித் திருகி ரயில்வேயைப் பிடித்துவிட்டார். ரயில் ஓட்டுகிறவரும் கார்டும் பேசிக்கொள்கிற வாக்கி டாக்கி இன்னும் பழைய அனலாக்தானாம். தெள்ளத் தெளிவாகக் கேட்கிறதாம், இருமல் உட்பட. செங்கல்பட்டு – அரக்கோணம் தடத்தில் நம் ஊர் வழியாகப் போகிற வண்டிகள் கொஞ்சம்தான். அந்தச் சொற்பத்தையும் அண்ணன் விடுவதில்லை. நேற்றுக் காலை டீக்கடையில் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

“அரக்கோணம் பாசஞ்சர். சிக்னல் கிளியர். இப்ப உள்ள வருது.”

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “கேட்டு மூடி அஞ்சு நிமிஷமாச்சுண்ணே. அங்க மாட்டிக்கிட்டுத்தான் உங்க டீக்கு இன்னும் சர்க்கரை வரல.”

“நோட்டட்” என்றார் அண்ணன்.