தேருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி பாதி தாண்டிவிட்டால் பாலக்காட்டுக் கல்பாத்தியில் யாரும் காய்ச்சல் என்று படுப்பதில்லை. படுத்தால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மாதக் கடைசியில் தேர், அதற்கு முன்னால் பாட்டுக் கச்சேரி, அதற்கும் முன்னால் வெள்ளையடிப்பு. ஆண்டு முழுக்க இரண்டு கிழவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் இருபது பேர் வந்து இறங்கியிருப்பார்கள். அந்த நெரிசலில்தான் நீங்களும் வரப்போகிறீர்கள். 'பாரம்பரிய கிராமம்' என்று எங்கோ படித்திருப்பீர்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அதனால் உள்ளூர்க்காரன் என்ற உரிமையில் சில யோசனைகள்.

ரயிலில் வருகிறவர்கள் பாலக்காடு சந்திப்பில் இறங்குவது நல்லது. பழைய ஆட்களுக்கு அது இன்றைக்கும் ஒலவக்கோடுதான். 'பாலக்காடு டவுன்' என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது. எதில் இறங்கினாலும், "அடடா, அதில் இறங்கியிருக்கலாமே" என்று சொல்ல ஒருவர் காத்திருப்பார். ஆட்டோக்காரரிடம் கல்பாத்தி என்று மட்டும் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். புதுக் கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று எல்லாம் தனித்தனி கிராமம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரே தெரு எங்கேயோ வளைந்து போவதுபோலத்தான் இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். சாத்தபுரத்துக்காரரிடம் போய்ப் புதுக் கல்பாத்தித் தேர் பிரமாதம் என்று புகழ்ந்தால் அன்றைக்கு உங்களுக்குக் காப்பி கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் தலை, ஆற்றங்கரையில் இருக்கும் விசுவநாதசுவாமி கோயில். தெருமட்டத்திலிருந்து படியிறங்கிப் போக வேண்டும் என்பதால் குண்டுக்கோயில் என்றும் சொல்வார்கள். சேகரீபுரத்து லட்சுமி அம்மாள் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தார், பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சன் 1425-இல் கோயில் கட்டினார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லதுதான். ஆனால் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம். யாராவது ஒரு மாமா இதை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். லட்சுமி அம்மாள் காசியை விட்டுப் புறப்படுவதற்கே கால் மணி நேரம் ஆகும். நடுவில் புகுந்து முடித்துவைத்தால் அவர் மனசு உடைந்துபோகும்.

திண்ணைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலியாகக் கிடக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அது ஒருவர் வீட்டு முன்னறை. நின்று கொஞ்சம் வியர்வையைத் துடைத்தால் போதும், உள்ளேயிருந்து "எங்கேந்து வரேள்? இருங்கோ" என்று குரல் வரும். பிறகு உட்காரலாம். உட்கார்ந்ததும் உங்கள் ஊர், அப்பா ஊர், வேலை என்று சம்பளம் தவிர எல்லா விவரமும் கேட்கப்படும். சம்பளம் இரண்டாவது டம்ளர் காப்பிக்குப் பிறகு.

"இந்த ஓட்டு வீடுகள் எவ்வளவு அழகு! மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறீர்களே!" என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். பாரம்பரிய கிராமம் என்று அறிவித்த பிறகு வீட்டின் முகப்பில் கைவைக்க அரசு அனுமதி வேண்டும். ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் படுப்பவர் அவர், அழகு பார்க்கிறவர் நீங்கள். சில வாசல்களில் பூட்டுத் தொங்குவதையும் கவனிப்பீர்கள். அதைப் படமெடுத்து 'நினைவுகளின் கதவு' என்று தலைப்புக் கொடுக்கும் ஆசை வரும். சாவி பெங்களூரில் இருக்கிறது, பங்காளிகளுக்குள் பேச்சு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது தேர். மொத்தம் ஆறு. முதல் நாள் விசுவநாதருக்கு மூன்று: சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, சுப்பிரமணியருக்கு ஒன்று. இரண்டாம் நாள் புதுக் கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி கிளம்புவார். மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாளும் சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதியும். அன்று மாலை எல்லாத் தேர்களும் தேர்முட்டியில் வந்து சந்திக்கும். அதுதான் தேவரத சங்கமம். எல்லோரும் தேர்முட்டிக்குப் போவார்கள் என்பதால் நீங்களும் போவீர்கள். அங்கே ஒரு கலசமும், முன்னால் நிற்பவர் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகும் நன்றாகத் தெரியும். சங்கமத்தைப் பார்க்க வேண்டுமானால் மாடியுள்ள வீட்டுக்காரர் ஒருவருடன் மூன்று நாள் முன்பே நட்பாக வேண்டும். தேர் பார்ப்பதற்காகவென்றே கல்யாண சம்பந்தம் செய்துகொண்டவர்கள் உண்டு என்று இங்கே சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

வடத்தை முன்னால் மனிதர்கள் இழுக்க, பின்னால் யானை நெற்றியை வைத்துத் தள்ளுவது இந்த ஊர்த் தேரின் வழக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் முட்டுக்கட்டைக்காரரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசு. படமெடுக்க நல்ல இடம் தேருக்குப் பின்னால் என்று தோன்றும். யானைக்கும் அதே இடம்தான் வேலை பார்க்கும் இடம். யானை முன்னோக்கி மட்டும்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தத் தெருவில் இத்தனை பேர் தோளோடு தோள் இடித்து நடப்பதைப் பார்த்து 'என்ன ஒற்றுமை' என்று உருகத் தோன்றினால், ஒரு நிமிஷம். 1924 தேரின்போது இதே அக்கிரகாரத் தெருவில் நடக்க வந்த ஈழவச் சாதியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்தப் பெயரில் நடந்து பார்த்தவர்களும் உண்டு. விஷயம் சென்னைச் சட்டசபை வரைக்கும் போயிற்று. லட்சுமி அம்மாள் கதையைக் கால் மணி நேரம் சொல்கிற மாமா இதைச் சொல்ல மாட்டார். கேட்டால், "அதொக்கெ பழைய காலமாக்கும்" என்று பேச்சைக் கச்சேரிக்குத் திருப்புவார். நானும் கச்சேரிக்கே வருகிறேன், ஆனால் சொல்லிவிட்டு வருகிறேன்.

தேருக்கு முந்தைய நாட்களில் நடக்கும் சங்கீத உற்சவத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் அறிவுரை அதிகம் தேவை. தியாகராஜர் நாள், தீட்சிதர் நாள், சியாமா சாஸ்திரி நாள் என்று நாளுக்கொரு பெயர் வைத்து நடக்கும். நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் ஆலாபனை தொடங்கிய ஒரு நிமிஷத்தில் உங்கள் பக்கம் சாய்ந்து, "என்ன ராகம்?" என்பார். தெரியாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. லேசாகக் கண்ணை மூடி, "நீங்களே சொல்லுங்களேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் ராகத்தைச் சொல்லி, அதை எம்.டி. ராமநாதன் எப்படிப் பாடினார், எத்தனை நிதானமாகப் பாடினார் என்று ராமநாதனின் காலப்பிரமாணத்திலேயே விளக்குவார். மஞ்சப்பிரக்காரர் ராமநாதன். இந்த ஊர்க் கணக்கில் எல்லோருமே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். கச்சேரி முடிந்ததும் அதே மனிதர் உங்களை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவார்: "நல்ல ஞானஸ்தர்."

மிக முக்கியமான விதி இது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பிக்குப் போவது சென்னையில் மரபு. இங்கே அது குற்றம். மற்ற ஊரில் மிருதங்கம் பக்கவாத்தியம். இங்கே பாட்டுத்தான் பக்கம் என்று நினைக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். 1912-இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் சாத்தபுரம் சுப்பையரிடம் கற்றுக்கொண்டு இந்தத் தெருக்களிலிருந்து கிளம்பியவர். 1966-இல் சென்னை மியூசிக் அகாடமி முதல்முறையாக ஒரு மிருதங்கக்காரருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது, அவருக்குத்தான். ஒலிபெருக்கியே வேண்டாம் என்றவர். அதனால் இன்றைக்கும் யாராவது மிருதங்கத்துக்கு மைக்கைக் கூட்டச் சொன்னால் நாலாவது வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்கும். தனி நடக்கும்போது தொடையில் தாளம் போடலாம், தப்பில்லை. ஆனால் சத்தமில்லாமல் போடுங்கள். பக்கத்துக்காரர் தலையை நிமிர்த்தாமல் உங்கள் விரலைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

செம்பை வைத்தியநாத பாகவதரைப் பற்றி யார் எது சொன்னாலும் ஆமோதியுங்கள். குரல் போய்த் திரும்பி வந்த கதையாக இருக்கும், அல்லது கே.ஜே. யேசுதாஸைச் சீடராக ஏற்ற கதையாக இருக்கும். மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

சாப்பாடு. அப்பளம், வடுமாங்காய், முறுக்கு வாங்கத் தனியாக ஒரு பை கொண்டு வாருங்கள். யாராவது மொளகூட்டல் சாதம் போட்டால் "இது கூட்டுதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்கு ஒரு காலை போய்வாருங்கள். மண்பானை வாயில் வலை கட்டி, துணி விரித்து, தட்டையாக வேகவைக்கும் இட்லி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் செய்துவருவது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928-இல் பிறந்ததும் இதே எலப்புள்ளியில்தான். இட்லிக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இங்கே யாராவது ஒரு சம்பந்தம் கண்டுபிடித்துத் தருவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கூட்டத்தோடு ரசிப்பதற்கு. கூட்டமே இல்லாமல் ரசிக்க விரும்பும் பிடிவாதக்காரர்கள் தை பிறந்த பிறகு ஷொரணூர்ப் பக்கம், பாரதப்புழைக் கரையில் இருக்கும் பகவதி கோயில்களுக்குப் போங்கள். அங்கே கோயிலைப் பார்த்தபடி கூத்துமாடம் என்று ஒரு கட்டடம் தனியாக நிற்கும். வெள்ளைத் திரை, பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு, தோலில் செதுக்கிய ராமனும் ராவணனும். பாடுவது கம்பராமாயணம். ஆமாம், கேரளத்தில், கம்பன் பாட்டு, தமிழில். பொருள் சொல்லும்போது மலையாளம் கலக்கும். ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லையாம். அவளுக்காகத்தான் இந்தக் கூத்து.

ஆகவே ரசிகை ஒருத்திதான். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் இருபத்தொன்று, அதற்கு மேலும் போகும். நடுராத்திரி தாண்டினால் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாயும் நீங்களும் மட்டும் இருக்க வாய்ப்பிருக்கிறது. பாவைகளை ஆட்டும் புலவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் அர்த்தம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கம்பனுக்கு விழா என்றால் பட்டிமன்றம், பொன்னாடை, நேரமின்மையால் சுருக்கமாக முடித்துக்கொள்ளும் தலைவர் எல்லாம் வேண்டும். இங்கே கம்பனுக்கு நேரம் மட்டும்தான் இருக்கிறது. கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பகல் மேடைகளிலும் ஒரு மணி நேரக் கூத்துக்கு ஆள் சேர்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கூத்து பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

போர்வை கொண்டு போங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராத்திரியில் எலும்பைத் தேடும். தூங்கினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நிகழ்ச்சி உங்களுக்காக இல்லை. மறக்காமல் ஒரு சிறு தொகை காணிக்கை கட்டிப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். காணிக்கை தந்தவர்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவதும் கூத்தின் ஒரு பகுதிதான். கும்பகர்ணன் விழுவதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ உங்கள் பெயர் பகவதி காதில் விழும். எழுத்தை மட்டும் திருத்தமாக எழுதுங்கள், இனிஷியலையும் சேர்த்து. உங்கள் பெயரில் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள்.