வேகத்தடைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்: பழைய கார் ஒன்றின் உரிமையாளர், ஏறிக்கொண்டே போகும் தெரு, இறங்கிக்கொண்டே போகும் வீடு.

பெறுநர்: வேகத்தடைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள். (எந்த அலுவலகம் என்பதைத் தபால்காரரே முடிவு செய்துகொள்ளட்டும். நான் போன ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது.)

பொருள்: காரின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியைச் சொந்தச் செலவில் செய்துகொண்டது – தகவல் தெரிவித்தல் – அதே வசதியைச் சாலைக்கும் செய்துதரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் முந்தைய மனு. 2. அதற்குத் தங்களிடமிருந்து வராத பதில்.

மதிப்புக்குரிய ஐயா,

என்னிடம் ஒரு மிட்சுபிஷி லான்சர் இருக்கிறது. 1998-இல் தொடங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூரிலேயே செய்து விற்ற கார்; என்னுடையது 2001 மாடல். அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. உதிரி பாகம் கேட்டுப் போனால் கடைக்காரர், “இன்னுமா சார் வச்சிருக்கீங்க?” என்று துக்கம் விசாரிக்கிறார்.

இந்தக் காரின் நான்கு ஷாக் அப்சார்பர்களும் தங்களுடைய மேலான நிர்வாகத்தில் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. முதலில் போனது முன்பக்கத்து இடது. எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அப்பி, கறுப்புக் களிம்பாக இறுகி நின்றது. “வயசாயிடுச்சு சார்” என்றார் மெக்கானிக். நான்கும் ஒரே நாளில் பிறந்தவைதானே, இடதுக்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டு வயதாயிற்று என்று கேட்டேன். தெருமுனை வேகத்தடையின் இடதுபாதி பெயர்ந்து பள்ளமாகக் கிடக்கும் லட்சணத்தை அவரே எடுத்துச் சொன்னார். மேல் விவரத்துக்குத் தங்களை அணுகும்படியும் சொன்னார். ஆக, அவரும் கைகாட்டிவிட்டார்.

பழைய மாதிரியே நான்கு வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் கம்பெனி ஷாக்குக்கு ஒரே உயரம். தங்கள் வேகத்தடைகளுக்கோ தெருவுக்கொரு உயரம், மழைக்கொரு உயரம். ஆகவே உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயிலோவர் செட் ஒன்றை வரவழைத்தேன். தைவானில் செய்தது. விலையை வீட்டில் சொல்லவில்லை, எனவே இங்கேயும் எழுதவில்லை.

காயிலோவர் என்றால் என்ன என்று கோப்பில் குறித்துக்கொள்ள வசதியாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக்கின் உடம்பு முழுக்க மரை ஓடும். அதன் மேல் ஸ்பிரிங் உட்காரும். ஸ்பிரிங்குக்கு அடியில் காடி வெட்டிய வளையம் ஒன்று, அது நகராமல் பூட்ட இன்னொரு வளையம். கீழே உள்ள பிராக்கெட்டையும் மரையில் ஏற்றலாம், இறக்கலாம். அதில் உயரத்தை மாற்றினால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொட வேண்டியதில்லை. உச்சந்தலையில் ஒரு திருகு. டிக், டிக் என்று 32 படி சுற்றும். ஷாக் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். வாலிபப் பிள்ளைகள் இதை வாங்கி, கார் தரையில் தவழுமளவுக்கு இறக்கி, இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்கள். எனக்கு அந்த வயதும் இல்லை, அந்த இடுப்பும் இல்லை.

வேலையை வீட்டு போர்டிகோவிலேயே செய்தோம். மேற்பார்வை என் மாமனார். பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்தே ஓய்வுபெற்றவர். முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். காலையில், வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை இளக்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடுகிறவனும், செங்கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிறவனும் எமனுக்கு ஆட்டோ அனுப்புகிறவர்கள் என்பது மாமனாரின் கட்சி.

பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஷாக்கையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளில் கைவைத்தோம். முதலாவது நல்லபடியாக வந்தது. இரண்டாவது, ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி நான் அதில் தொங்கிய பிறகு, எதிர்வீட்டு நாய் குரைக்குமளவுக்குச் சத்தம் போட்டு இளகியது. பானெட்டைத் திறந்தால் மேலே ஓரத்தில் மூன்று நட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டு. “மாப்ள, அந்த நடு நட்ட மட்டும் தொட்றாதீங்க” என்றார் மாமனார். அதற்கடியில் பழைய ஸ்பிரிங் அமுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பிரஸரில் பிடிக்காமல் நட்டைக் கழற்றினால் அது கிளம்பி வரும் வேகத்தில் நம் தாடை நம்மிடம் இருக்காது. ஓரத்து மூன்றை மட்டும் எடுத்து, ஷாக், ஸ்பிரிங், மேல் மவுண்டு எல்லாவற்றையும் ஒரே உருப்படியாக இறக்கினோம். புது செட்டில் மேல் மவுண்டும் சேர்ந்தே வந்திருந்ததால் பழைய ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

பின்பக்கத்தை விவரித்துத் தங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன், ஒரே ஒரு நுணுக்கம் தவிர. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி அந்தரத்தில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் கிழியும். இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் உண்டு. குழாய் பதிக்கும் வேலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் மேலே தாரைக் கொட்டி இறுக்கிவிடுகிறீர்கள். அடுத்த மாதம் குழாய் வருகிறது.

பிறகு நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்தோம். இடதும் வலதும் ஒன்றாக வரும்வரை வளையத்தைச் சுற்றினோம். கொஞ்சநாள் ஓடியதும் ஸ்பிரிங் படிந்து உயரம் லேசாக மாறும் என்பதால் மறுபடியும் அளந்தோம். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும், டயரின் உள்விளிம்பைச் சாலை தின்றுவிடும். அதனால் வீல் அலைன்மென்டும் பார்த்தாயிற்று. ஒரு வேலையை முடித்த பிறகு அதை அளந்து பார்க்கும் வழக்கம் தங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

வேகத்தடைக்கும் அளவு உண்டு ஐயா. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் ஐ.ஆர்.சி. 99 என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து ஒரு சீவல் எடுத்துச் சாலையில் வைக்கச் சொன்னது: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கலாம். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, மேலே பளிச்சென்று பட்டை. இந்தக் கணக்கை நான் என் காருக்குப் போட்டுப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர். மேட்டின் உச்சி காரின் நடுவயிற்றுக்குக் கீழே வரும் நேரத்தில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயேதான் நிற்கும். அங்கேயே ஐந்தரை சென்டிமீட்டர் ஏறியிருக்கும். வயிற்றை நோக்கி வருவது பாக்கி நாலரை சென்டிமீட்டர்தான். தரையிலிருந்து 13 சென்டிமீட்டருக்கு இறக்கிவிட்ட வாலிபப் பிள்ளையின் காரே பாட்டுப் போட்டுக்கொண்டு போகலாம்.

எங்கள் தெருமுனையில் இருப்பதன் அகலம் ஒரு அடி. உயரம் என் டேப்பில் 19 சென்டிமீட்டர். முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவில் 19 சென்டிமீட்டரும் சைலன்சரோடு நேரடிப் பேச்சுவார்த்தை நடத்தும். பலகையும் இல்லை, பட்டையும் இல்லை. இரவில் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முன்னால் போகிற பைக்கின் பின்சீட்டில் இருப்பவர் எழும்பும் உயரத்தைக் கவனிப்பது. அடுத்த தெருவில் மஞ்சள் கறுப்பு ரப்பர் துண்டுகள் வைத்தார்கள். இப்போது ரப்பர் போய்விட்டது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மட்டும் தாரிலிருந்து தலைநீட்டி, டயருக்காகக் காத்திருக்கின்றன. அதற்கும் அடுத்தது, தனியார் முயற்சி. வீடு கட்டி மிஞ்சிய சிமென்ட்டையும் உடைந்த செங்கல்லையும் வைத்து ஒரு புண்ணியவான் தன் வாசலுக்கு நேரே எழுப்பினார். அதை இடிக்க யாரும் வராததால், அரசு அங்கீகாரம் பெற்றதாக இப்போது தெருவே கருதுகிறது.

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் அடங்கித்தான் போக வேண்டும். ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இன்னொரு கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியும் அதே சாலையில்தான் போகிறாள். அவளுக்கு 32 படித் திருகு கிடையாது.

சட்டம் என்னிடம் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வண்டியின் நிறம், எடை எல்லாம் ஆர்.சி.யில் இருக்கின்றன; தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று என் ஆர்.சி.யில் எங்கும் இல்லை. இதை நான் வாக்குமூலமாகச் சொல்லவில்லை, பொது அறிவாகச் சொல்கிறேன். என் சந்தேகமெல்லாம், சாலைக்கு ஏன் ஓர் ஆர்.சி. புத்தகம் இல்லை என்பதுதான். இருந்திருந்தால், மாற்றத்துக்கு 5,000 என்று எங்கள் தெருவில் மட்டும் வசூலித்தே தெருவைப் புதிதாகப் போட்டிருக்கலாம்.

போடும்போது மேலே மேலே போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அந்த அறிவுரை எங்கள் தெருவில் எந்த அடுக்குத் தாருக்கடியில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் மூன்று படி ஏறி எங்கள் வீட்டுக்குள் வருவோம். இப்போது மழைத்தண்ணீர்கூட அழைப்பில்லாமல் வருகிறது. சாலையும் காயிலோவரில்தான் நிற்கிறது போலும். ஏற்றும் பக்கம் மட்டும் சுற்றத் தெரிந்தவர் கையில் ஸ்பேனர் மாட்டிக்கொண்டது.

இறக்கவும் தெரியும் என்பதைத் தாங்கள் நிரூபித்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. மேலிடத்துப் பிரமுகர் ஒருவர் வருகிறார் என்ற செய்தி வந்த அன்று இரவு, முக்கியச் சாலையில் இருந்த அத்தனை வேகத்தடைகளும் விடிவதற்குள் காணாமல் போயின. தார் இட்லிச் சட்டிபோல ஆவி பறக்க, கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. அவர் ஊர் எல்லையைத் தாண்டிய மறுவாரம் எல்லாம் அதே இடத்தில் முளைத்தன, ஒரு விரற்கடை கூடுதலாக. என்னுடைய தைவான் செட்டைக் கழற்றி மாட்ட ஒரு முழுநாள் பிடித்தது. தங்களுடையது ஒரே இரவில், அதுவும் ஜாக்கி இல்லாமல். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் வணங்குகிறேன்.

என் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன். காயிலோவரை முழுக்க ஏற்றினாலும் கம்பெனி உயரத்தைவிடச் சற்றே மேலே வரும், அவ்வளவுதான். அது இறக்குவதற்கென்றே பிறந்த சாமான். 19 சென்டிமீட்டரைத் தாண்ட இனி லாரிதான் வாங்க வேண்டும். ஆகவே, தாங்கள் பெரிய மனது வைத்து, அந்த இரவு வேலையைப் பிரமுகர் வராத நாளிலும் ஒருமுறை செய்து, மறுவாரம் திரும்ப வைக்கும்போது ஐ.ஆர்.சி. 99-ஐ ஒருமுறை புரட்டிப் பார்த்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால், எந்தத் தெருவில் எந்த வாரம் எவ்வளவு உயரம் என்று அலுவலக வாசலில் ஒரு பலகையாவது எழுதி வைக்கவும். வாரம் ஒருமுறை வந்து பார்த்து, வளையத்தைச் சுற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லான்சர் உரிமையாளர்.

நகல்: எங்கள் பகுதி எலும்பு மருத்துவர் அவர்களுக்கு, தகவலுக்காக.

இணைப்பு: சி ஸ்பேனர் ஒன்று. பூட்டு வளையத்தை முதலில் இளக்கிவிட்டு, பிறகு அடுத்ததைச் சுற்றவும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும். பின்பக்கம் வலது இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது.