இன்வெர்ட்டர் வாங்கலையோ, எண்ணூர்வாசிகளே!

எண்ணூர் கழிமுகத்துக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் புகைபோக்கிகள் வரிசை கட்டி நிற்கும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூர், அது ஒரு 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். இத்தனை கரண்ட்டையும் மொட்டை மாடியில் இருந்தே கண்குளிரப் பார்க்கலாம். வீட்டுக்குள் ஃபேன் சுற்ற வேண்டுமென்றால் மட்டும் இறங்கிப் போய் இன்வெர்ட்டர் வாங்கிவர வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மின்வாரியம் சொல்லாததால் நாம் சொல்லிக்கொள்கிறோம்.

கடைக்காரர் முதலில் ‘எவ்வளவு லோடு?’ என்று கேட்பார். நம் பக்கத்து வீடுகளுக்கு வழக்கமாகத் தள்ளிவிடுவது 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டர் தின்பது போக, பேட்டரியை அடிவரை வற்றவிடக்கூடாது என்பதும் போக, 1,200 தேறும். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி பல்பு, ஒரு டிவி ஓடினால் ஐந்தாறு மணி நேரம். டிவியை அணைத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறினால் விடியும்வரை இழுத்துப் பிடிக்கலாம். இது ராத்திரி ஒருமுறை போய் விடிகாலை வருகிற கண்ணியமான மின்வெட்டுக்கான கணக்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தபோது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நாள்கணக்குக்குத் தாங்கும் பேட்டரி வேண்டுமென்றால் ஒன்று நீங்கள் மந்திரியாக இருக்க வேண்டும், இல்லை தொழிற்சாலையாக இருக்க வேண்டும்.

பராமரிப்புக்கு வருவோம். கடல் காற்றில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். வெந்நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள். நீர்மட்டம் காட்டும் மிதவை இறங்கியதும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மறந்தும் குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பும் உலோகமும் ஈயத் தகட்டைக் கெடுத்துவிடும். பேட்டரிக்குக் காட்டுகிற இந்தக் கரிசனத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தேவையில்லை. அவர்களுக்கு வாரண்டி கார்டு கிடையாது.

ஒரு வியாபார நுட்பமும் தெரிந்துகொள்ளுங்கள். ஈய பேட்டரி வாங்கியதையெல்லாம் திருப்பித் தராது. அதிலிருந்து 1 யூனிட் எடுக்க ஏறக்குறைய 1.4 யூனிட் உள்ளே ஏற்ற வேண்டும். அதாவது, வாரியம் கரண்ட்டை நிறுத்தும். நீங்கள் சேமிப்பைச் செலவழிப்பீர்கள். வந்ததும் கூடுதலாக வாங்கி நிரப்புவீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கருணைக்குள் அடங்கியிருந்த ஏழை வீடு, மின்வெட்டின் புண்ணியத்தால் அதைத் தாண்டிப் போய்ப் பணம் கட்டும். கடையைச் சாத்தினாலும் விற்பனை கூடுகிற ஒரே வியாபாரம் இதுதான்.

டெல்லிக்கும் இதில் பங்குண்டு. 2025 செப்டம்பர் 22 வரை ஈய பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். பான் மசாலாவும் சொகுசுக் காரும் உட்கார்ந்திருந்த அதே வரிசையில் எர்ணாவூர் வீட்டு பேட்டரியையும் உட்கார வைத்திருந்தார்கள். இருட்டில் விசிறிக் காற்று கேட்பது அவ்வளவு பெரிய சொகுசு! இப்போது 18 ஆக்கிவிட்டார்கள். நன்றி சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள்.

எங்கே வைப்பது? காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இது எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி. எண்ணூருக்கென்று தனி விதி ஒன்று உண்டு: தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது தண்ணீர் மட்டுமா வந்தது? மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. ஆற்றில் மிதந்த எண்ணெயை மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஆகவே ஸ்டாண்டு நான்கடி உயரமாவது இருக்கட்டும், எமர்ஜென்ஸி லைட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூக்குக்கு ஸ்டாண்டு எந்தக் கடையிலும் இல்லை.

சரி, கரண்ட் ஏன் போகிறது? 2021 ஜூனில் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி கண்டுபிடித்துச் சொன்னார்: கம்பியில் செடி படர்கிறது, அதில் அணில் ஓடுகிறது, கம்பிகள் உரசிக்கொள்கின்றன. ராமருக்கு மணல் சுமந்து முதுகில் மூன்று கோடு வாங்கிய பிராணிக்குக் கலியுகத்தில் இந்தப் பழியும் சேர்ந்தது. 2024 செப்டம்பர் 12 ராத்திரி மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து நகரத்தின் பெரும்பகுதி இருண்டபோது, அலமாதியிலிருந்து வரும் இரண்டு வழிகளுமே ஒரே நேரத்தில் போய்விட்டதாக விளக்கம் வந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே இரண்டு வழி போடுவது? அரசாங்கத்தின் பேக்கப்பே இந்த லட்சணத்தில் இருக்க, நீங்கள் பேட்டரி வாங்கும்போது கடைக்காரரிடம் வாரண்டியைப் பற்றி ஏன் அவ்வளவு நச்சரிக்கிறீர்கள்?

ஆனால் ஒரு விஷயத்தில் பேக்கப் ஏற்பாடு பிசகே இல்லாமல் நடக்கிறது. துறைமுகத்து நிலக்கரித் தூசு ராயபுரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக்கூடாது என்றாயிற்று. நிலக்கரி கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊருக்கா போனது? எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து நுரையீரல் பழுதானால் எண்ணூர் நுரையீரலுக்கு மாற்றிவிடலாம். ஒரு நொடி தடங்கல் கிடையாது, அணில் தொந்தரவும் கிடையாது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்தால் ஏந்திக்கொள்ள ஆறு இருக்கிறது, ஆறு நிறைந்தால் செப்பாக்கம் கிராமம் இருக்கிறது. மயிலாப்பூருக்கு இப்படி ஒரு வசதி உண்டா?

‘சோலார் போடுங்களேன்’ என்று படித்தவர்கள் சொல்வார்கள். போடலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. முதலில் சொந்தக் கூரை வேண்டும். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நாலாவது மாடிக்காரரின் கூரை ஐந்தாவது மாடிக்காரரின் தரை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் மேல் பலகை ஏறாது. ஏற்றினாலும், பேட்டரி இல்லாத சோலார் ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக வைத்த விதி, அதில் குறை சொல்ல முடியாது. எல்லாம் தாண்டிப் பலகை வைத்தவர் தினமும் காலையில் அதன்மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார். சூரியனுக்கும் நமக்கும் நடுவில் நிலக்கரி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு அரசாங்கத்திடம் தீர்வு தயாராக இருக்கிறது: இன்னும் அனல்மின் நிலையம். 47 வருஷம் புகைவிட்ட பழைய எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள். அங்கேயே 660 மெகாவாட்டில் புதிது எழுப்பத் திட்டம். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கட்டுமானத்தில் இருக்கின்றன. அங்கேதான் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகள். நம் வீட்டு பல்புக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கரண்ட் எந்தப் பக்கம் போகும் என்று நமக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு யோசனை. பேட்டரி வாங்கிய பில்லைத் தொலைக்காதீர்கள். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில், திட்ட அறிக்கையில் ‘உள்ளூர் மக்கள் அடையும் நன்மைகள்’ என்று ஒரு பக்கம் வாசிப்பார்கள். எழுந்து போய், மனுவோடு அந்த பில்லையும் இணைத்துக் கொடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் செலவையும் அடியில் எழுதிவிடுங்கள். அசலைக் கொடுத்தால் திரும்பி வராது, ஜெராக்ஸ் போதும். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.