பஹல்காமுக்குப் பிறகு பேசலாமா?

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மேற்குத் தாம்பரம்: பயங்கரவாதத் தாக்குதல் நடந்த உடனே பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரு வாரம் மூடிவிட்டால் வதந்தி அடங்கிவிடாதா?

இலங்கை மூடிப் பார்த்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த சில மணி நேரத்தில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், வைபர் எல்லாம் நின்றன. ஏப்ரல் 30 வரை அப்படியே. விவரம் தெரிந்தவர்கள் விபிஎன் போட்டு உள்ளே போனார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவுக்காரரைப் பற்றி விசாரிக்க நினைத்தவர்கள்தான் தவித்தார்கள். தடை நீங்கிய இரண்டே வாரத்தில், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் போட்ட பதிவைத் தவறாகப் புரிந்துகொண்டு கலவரம். மே 13 அன்று மறுபடி தடை. அந்தத் தடை இருந்த இரவிலேயே மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. கும்பல் சேர வாட்ஸ்அப் தேவைப்படவில்லை.

தாக்குதல் நடந்த நாளில் ட்விட்டர் தப்பியிருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று ஏப்ரல் 11-லேயே போலீஸ் உயரதிகாரி எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ அதில்தான் வெளியிட்டார். தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று நாடே கேட்டது. 2023 ஜனவரியில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ட்விட்டரையும் மூடியிருந்தால் வதந்தியோடு சேர்ந்து இந்தக் கடிதமும் அன்று அடங்கியிருக்கும், ஐயா.

கல்லூரி மாணவி, காட்டாங்கொளத்தூர்: ‘ஆபரேஷன் சிந்தூர்’ ராணுவ நடவடிக்கை பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்ததற்காக எங்கள் பக்கத்தில் ஓர் உதவிப் பேராசிரியரை சஸ்பெண்ட் செய்தார்களே. பேச்சுரிமை எங்கே போனது?

அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு அரசின் கையைக் கட்டுகிறது. நடைமுறையில் தனியார் நிர்வாகத்தின் கையை அது நேரடியாகக் கட்டுவதில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் வேலை போகிறது. ஆனால் சட்டத்தின் அளவுகோல் என்ன என்று நிர்வாகங்களும் தெரிந்துகொள்ளலாம். 2012-இல் சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டதைப் பேஸ்புக்கில் விமர்சித்த பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் பால்கரில் கைதானார்கள். அதிலிருந்து கிளம்பிய ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. விவாதிக்கலாம், ஒரு கருத்தை வலியுறுத்தலாம், அது எத்தனை பேருக்குப் பிடிக்காவிட்டாலும் சரி. தூண்டிவிடும்போதுதான் சட்டம் குறுக்கே வரலாம் என்றது. ராணுவ நடவடிக்கையை விமர்சிப்பது தூண்டுதல் ஆகாது. எல்லைக்கு எந்தப் பக்கத்துக் குழந்தை செத்தாலும் அழுவதும் ஆகாது.

அந்த ஸ்டேட்டஸில் எனக்கு உடன்பாடு உண்டா என்று கேட்பீர்கள். அது இங்கே தேவையே இல்லை. வகுப்பறையில் உங்களுக்கு யோசிக்கச் சொல்லித் தருபவர் யோசித்ததற்காக வெளியே நிற்கக் கூடாது.

ஐ.டி. ஊழியர், மேடவாக்கம்: எந்தப் பதிவை முடக்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மத்திய அரசு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஏ, அதன் கீழ் 2009-இல் வந்த விதிகள். காஷ்மீரின் பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 8 அன்று எக்ஸ் நிறுவனம் சொன்னது: 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்திருக்கிறது, பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு குற்றம் என்றே சொல்லவில்லை. அதே நாட்களில் ‘4 பிஎம்’ என்ற யூடியூப் செய்திச் சேனல் முடங்கியது. அதன் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். பிறகு தடை நீங்கியது. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத கணக்குக்காரர் என்ன செய்வார்?

எனக்குக் கோபம் தடையின் மேல் அல்ல, அதன் ரகசியத்தின் மேல். உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது 16-ஆம் விதி. 69-ஏ செல்லும் என்று 2015-இல் அதே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிமன்றம் சொன்னதற்கு ஒரு காரணம், முடக்குவதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து வழக்குப் போட முடியும் என்பது. கையில் தராத உத்தரவை எதிர்த்து எந்த வக்கீல் மனு எழுதுவார்? காஷ்மீர் இணைய முடக்கம் குறித்த அனுராதா பாசின் வழக்கில், முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாவட்டத்தின் இணையத்துக்குப் பொருந்தும் நியாயம் ஒரு மனிதனின் கணக்குக்கும் பொருந்த வேண்டும்.

ஊரப்பாக்கம் வாசகர்: பயங்கரவாத இயக்கத்தை ஆதரித்துப் பேசினாலுமா விட்டுவிடுவது?

வைகோ வழக்கைப் பாருங்கள். 2002 ஜூனில் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை. பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் தார்மிக ஆதரவு பொடாவில் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதற்குள் சிறைநாட்கள் போய்விட்டன. ஆள் சேர்க்கும் பதிவு, குண்டு செய்யக் கற்றுத்தரும் வீடியோ, ‘இன்னாரை வெட்டு’ என்னும் அழைப்பு: இவற்றை அந்த நிமிடமே எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இல்லத்தரசி, செம்பாக்கம்: குடும்ப குரூப்பில் மாமனார் பயங்கரமான வீடியோக்களாக அனுப்பித் தள்ளுகிறார். எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதீர்கள், தனியாக, காபி கொடுக்கும்போது சொல்லுங்கள். பஹல்காமில் இறந்த கடற்படை அதிகாரியும் மனைவியும் ஆடும் கடைசி வீடியோ என்று ஒன்று ஓடியதே, அதில் இருந்தது வேறொரு தம்பதி. நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அவர்களே கெஞ்ச வேண்டியிருந்தது. கணவனை இழந்த அந்தப் பெண்ணோ, முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் பழிக்காதீர்கள் என்றார். அதற்காக அவரையே இணையத்தில் வதைத்தார்கள். இதைச் சொன்னால் உங்கள் மாமா கேட்பார் என்றே நம்புகிறேன்.

ஆட்டோ ஓட்டுநர், பல்லாவரம்: வதந்தி பரப்புகிறோம் என்று எங்களைத் திட்டுகிறார்கள். டி.வி.க்காரர்களை யார் கேட்பது?

நியாயமான கேள்வி. 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்களின் நடமாட்டத்தை நேரலையில் காட்டியதை, கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் அதற்கென விதியே வந்தது. ஆனாலும் 2025 மே மாதம் பூஞ்சில் பாகிஸ்தான் குண்டுவீச்சில் இறந்த ஒரு மதரஸா ஆசிரியரைச் சில சேனல்கள் பயங்கரவாதி என்றன. போலீஸ் மறுத்தது. பிள்ளைகள் தகப்பனைப் புதைத்த கையோடு அவர் பெயரையும் மீட்க வேண்டியிருந்தது.

தாத்தா, சேலையூர்: விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வீடு. பதற்ற நேரத்தில் விமானம் பறப்பதை ரீல்ஸ் போடலாமா என்கிறாள் பேத்தி.

கூடாது. 2025 ஏப்ரல் 26 அன்று படை நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவித்தது. கார்கில் போர், மும்பைத் தாக்குதல், காந்தஹார் விமானக் கடத்தல் அனுபவங்களைக் காரணமாகவும் சொன்னது. எல்லோரும் படிக்கும்படி வந்த அறிவிப்பு, ஏன் என்று விளக்கிய அறிவிப்பு. இதற்கு நான் மனமாரக் கட்டுப்படுவேன். பேத்தியை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் விமானம் காட்டுங்கள். போன் கீழேயே இருக்கட்டும்.